தரையில் விரித்து வாசிக்க ஓர் இதழ்: ஆய்க்குடி மாணவருக்கு இசைப் பத்திரிகை

பள்ளி மாணவர்கள் நான்கு பேர் சேர்ந்து இசைக்கு ஒரு பத்திரிகை கொண்டுவரலாம் என்று பேசத் தொடங்கினால், பேச்சு நேரே அட்டைப்படத்துக்குப் போய்விடும். யார் படத்தைப் போடுவது? இளையராஜாவா, ரகுமானா, அனிருத்தா? அதற்கு முன்னால் கேட்க வேண்டிய கேள்வி வேறு. அந்த இதழைக் கையில் வாங்குகிறவர் அதை வைத்துக்கொண்டு என்ன செய்யப் போகிறார்?

பாடகரைப் பற்றிப் படிக்கலாம். படத்தை வெட்டிச் சுவரில் ஒட்டலாம். அல்லது இதழை முன்னால் விரித்துவைத்துப் பாடலாம், ஊதலாம், அடிக்கலாம். இந்த மூன்றும் மூன்று விதமான வாசகர்கள். தாளின் அளவு, எழுத்தின் பருமன், தையல், விலை, பொருளடக்கத்தின் வரிசை எல்லாம் இவர்களில் யாரைத் தேர்ந்தெடுக்கிறோம் என்பதைப் பொறுத்தே மாறும். தென்காசி மாவட்டத்து ஆய்க்குடியை நடுவில் வைத்து இந்தக் கேள்வியை முழுதாகப் பார்ப்பது இக்கட்டுரையின் நோக்கம். மூன்றாவது வாசகருக்கே அந்த இதழ் வேண்டும் என்பது என் தரப்பு.

கேட்பவருக்கா, பழகுபவருக்கா?

உலகத்து இசைப் பத்திரிகைகளின் கதை வாசகர் மாறிய கதைதான். இங்கிலாந்தில் 1926இல் தொடங்கிய 'மெலடி மேக்கர்' முதலில் நடன இசைக்குழுக்களில் வாசித்துப் பிழைத்த கலைஞர்களுக்கான தொழில் இதழ். 1952இல் வந்த 'நியூ மியூசிக்கல் எக்ஸ்பிரஸ்' அதே ஆண்டு நவம்பரில் இசைத்தட்டு விற்பனை வரிசையை அச்சிடத் தொடங்கியது. அதிலிருந்து இசைத்தட்டு வாங்குபவர் வாசகர் ஆனார். 1967இல் சான் பிரான்சிஸ்கோவில் பிறந்த 'ரோலிங் ஸ்டோன்', இசையோடு அரசியலையும் வாழ்க்கை முறையையும் சேர்த்துப் பேசும் இளைஞரைக் குறிவைத்தது. 1978இல் வந்த 'ஸ்மாஷ் ஹிட்ஸ்' இன்னும் இளையவர்களைப் பிடித்தது. அதன் பெரிய ஈர்ப்பு, அந்தந்த வாரங்களில் பிரபலமாக இருந்த பாட்டுகளின் வரிகளை அப்படியே அச்சிட்டதுதான்.

இந்தக் கடைசி உத்தி நமக்குப் புதிதல்ல. தியேட்டர் வாசலில் சில அணாக்களுக்கு விற்ற சினிமாப் பாட்டுப் புத்தகம் அதைப் பல பத்தாண்டுகளுக்கு முன்பே செய்துவிட்டது. கொஞ்சம் கதைச் சுருக்கம், 'மீதியை வெள்ளித்திரையில் காண்க' என்று ஒரு வரி, பிறகு பாட்டுகள். மெல்லிய தாள், மங்கிய அச்சு. ஆனாலும் அதை வாங்கியவர்கள் பாடினார்கள். தமிழில் அதிகம் பேரைப் பாடவைத்த அச்சுப் பொருள் எது என்று கேட்டால், பாட்டுப் புத்தகத்தைத்தான் முதலில் சொல்வேன்.

இசையைப் பற்றிய நல்ல எழுத்து தமிழில் வேறு பக்கம் வளர்ந்தது. கல்கி 'கர்நாடகம்' என்ற பெயரில் ஆனந்த விகடனில் எழுதிய 'ஆடல் பாடல்' பத்தி, கச்சேரி விமர்சனத்தை வீட்டுத் திண்ணைக்குக் கொண்டுவந்தது. பின்னால் விமர்சகர் சுப்புடு அதைக் காரசாரமாக்கினார். சென்னையில் 1983இல் பட்டாபிராமன் தொடங்கிய 'சுருதி' மாத இதழ், கர்நாடக இசைக்கும் நடனத்துக்கும் ஆழமான இடம் கொடுத்தது. மொழி மட்டும் ஆங்கிலம். 1993இல் அலகாபாத்தில் அமித் சைகல் தொடங்கிய 'ராக் ஸ்ட்ரீட் ஜர்னல்' கல்லூரி விழாக்களில் வாசித்த குழுக்களைத் தேடிப் போனது. இந்தியாவில் மாணவர் வயதுக்காரர்களுக்கான இசை இதழ் என்றால் அதைத்தான் முன்னோடியாகச் சொல்ல வேண்டும். அதுவும் ஆங்கிலமே.

மொத்தத்தில் தமிழில் ரசிகருக்கு விமர்சனம் கிடைத்தது, சினிமா ரசிகருக்குப் பாட்டுப் புத்தகம் கிடைத்தது. இரண்டுக்கும் நடுவில் இருக்கிற பழகும் மாணவர் விடுபட்டுப் போனார்.

பக்கத்து ஊர்க்காரர் போட்ட வழி

அந்த இடத்தை நிரப்ப முயன்றவர்களில் ஒருவர் ஆய்க்குடிக்குப் பக்கத்து ஊர்க்காரர். ஆபிரகாம் பண்டிதர் 1859இல் சாம்பவர் வடகரையில் பிறந்தார். ஆய்க்குடி தாண்டிச் சுரண்டை போகிற வழியில் வரும் ஊர் அது. பள்ளி ஆசிரியராகத் தொடங்கிச் சித்த மருத்துவராகத் தஞ்சையில் பேர்பெற்று, அங்கே 1912இல் சங்கீத வித்தியா மகாஜன சங்கத்தை நிறுவினார். 1917இல் வெளியான 'கருணாமிர்த சாகரம்' என்ற பெருநூலால் அவரை உலகம் அறியும். சுருதிகளைக் கணக்கிட்டு, பழந்தமிழ் இசை இலக்கணத்தோடு பொருத்திப் பார்த்து, அறிஞர்களோடு வாதிடும் நூல் அது.

அதற்குப் பத்து ஆண்டுகள் முன்பே, 1907இல், அவர் 'கருணாமிர்த சாகரத் திரட்டு' வெளியிட்டார். கற்கத் தொடங்குபவர் பாடிப் பழகும் உருப்படிகளைத் தமிழ்ச் சொற்களில் அமைத்துக் கொடுத்த நூல் அது. எழுதியவர் ஒருவரே. அறிஞருக்கு ஒரு புத்தகம், மாணவருக்கு ஒரு புத்தகம் என்று வாசகரைப் பிரித்துக்கொண்டு எழுதினார். மாணவருக்கானதை முதலில் எழுதினார் என்பதையும் கவனிக்க வேண்டும்.

இதே காலத்தில் இன்னும் இருவர் இதே கேள்வியைச் சந்தித்தார்கள். 1893இல் சென்னையில் சின்னசாமி முதலியார் தென்னிந்தியக் கீர்த்தனைகளை ஐரோப்பியக் கோட்டுக் குறியீட்டில் அச்சிட்டார். மேல்நாட்டாரும் படிக்க வேண்டும் என்பது அவர் ஆசை. அவர் தூண்டுதலால் எட்டயபுரத்தில் சுப்பராம தீட்சிதர் 1904இல் 'சங்கீத சம்பிரதாய பிரதர்சினி'யை வெளியிட்டார். அது தெலுங்கு எழுத்தில், கமகங்களுக்குத் தனித்தனி அடையாளங்களோடு, தேர்ந்த வித்துவானுக்காகச் செய்யப்பட்டது. பின்னாளில் சென்னை மியூசிக் அகாடமி அதைத் தமிழ் எழுத்தில் கொண்டுவந்தது. பெரும்பாலும் ஒரே இசை மரபுதான். ஒருவர் பியானோ முன் உட்காரும் வெள்ளைக்காரரையும், இன்னொருவர் வீணை முன் உட்காரும் வித்துவானையும், மூன்றாமவர் தமிழ் மட்டும் தெரிந்த மாணவரையும் மனத்தில் வைத்தார்கள். அதனால் எழுத்தும் குறியும் பக்க அமைப்பும் மூன்று விதமாயின.

பாரதியும் 'சங்கீத விஷயம்' என்ற கட்டுரையில், கேட்பவருக்குப் புரியாத பாட்டுகளையே திரும்பத் திரும்பப் பாடும் வித்துவான்களைக் கேலி செய்தார். அவர் 1918 முதல் இரண்டு ஆண்டுகள் வாழ்ந்த கடையம் இதே மாவட்டத்தில்தான் இருக்கிறது. எனவே யாருக்காக என்ற கேள்வி இங்கிலாந்திலிருந்து நாம் இறக்குமதி செய்யவேண்டிய சரக்கல்ல.

வாசகரை எதைக்கொண்டு வகுப்பது?

இங்கிலாந்தில் ஊடகவியல் படிக்கும் பள்ளி மாணவர்களுக்குப் பல ஆண்டுகளாக ஒரு செய்முறைப் பணி இருந்தது. புதிய இசை இதழ் ஒன்றுக்கு அட்டை, பொருளடக்கப் பக்கம், இருபக்கக் கட்டுரை ஆகியவற்றைத் தாமே வடிவமைக்க வேண்டும். ஒவ்வொரு முடிவுக்கும் வாசகரைக் காட்டிக் காரணம் சொல்ல வேண்டும். இந்தக் கடைசி நிபந்தனை அருமையானது. ஆனால் அங்கே வாசகரை வகுக்க எடுத்துக்கொண்ட கருவி பெரும்பாலும் விளம்பரத் துறையின் கருவி. குடும்பத்தில் முதன்மையாகச் சம்பாதிப்பவரின் வேலையை வைத்து ஏ, பி, சி1, சி2, டி, இ என்று தரம் பிரிப்பார்கள்.

இந்தியாவில் 2011இல் வந்த வகைப்பாடு, சம்பாதிப்பவரின் படிப்பையும் வீட்டில் இருக்கும் பொருள்களையும் வைத்துத் தரம் போடுகிறது. மொத்தம் 11 பொருள்கள் கொண்ட பட்டியல் அதில் உண்டு. சோப்பு விற்க இது உதவும். வீட்டில் குளிர்சாதனப் பெட்டி இருக்கிறதா என்று தெரிந்துகொண்டாலும், அந்த வீட்டுப் பிள்ளைக்குத் தவில் அடிக்கத் தெரியுமா என்று தெரியாது. மாடி வீட்டுப் பெண் கீபோர்டை உறை பிரிக்காமல் வைத்திருக்கலாம். ஓட்டு வீட்டுப் பையன் கோயில் கொடைக்குக் கொடை தாத்தாவோடு போய் உடுக்கை பிடித்திருக்கலாம்.

வயதை வைத்துப் பிரிப்பது இதைவிடத் தேவலை. தமிழகப் பள்ளிக்கல்வித் துறை 2022இல் மாணவர் இதழ்களைத் தொடங்கியபோது அப்படித்தான் செய்தது: 4, 5ஆம் வகுப்புகளுக்கு 'ஊஞ்சல்', 6 முதல் 9 வரை 'தேன்சிட்டு', ஆசிரியர்களுக்குக் 'கனவு ஆசிரியர்'. ஒரே பத்திரிகையை எல்லாருக்கும் கொடுக்காமல் பிரித்தது நல்ல முடிவு. இசை இதழுக்கு வயதோடு இன்னும் மூன்று கேள்விகள் வேண்டும். கடைசியாக எங்கே பாடினாய் அல்லது வாசித்தாய்? யாரிடம் கற்றாய்? வீட்டில் சத்தம்போட்டுப் பழக இடமும் நேரமும் உண்டா? இந்த மூன்றுக்கும் வரும் விடைகள் வருமானக் கணக்கைவிட அதிகம் சொல்லும். மூன்றாவது கேள்வி பெண்பிள்ளைகளிடம் கட்டாயம் கேட்கப்பட வேண்டியது.

ஆய்க்குடியிலும் சுற்றுவட்டாரத்திலும் ஒரு மாணவரின் காதில் என்னென்ன விழுகிறது என்று பட்டியலிட்டால் வியப்பாக இருக்கும். பாலசுப்பிரமணிய சுவாமி கோயிலில் கந்த சஷ்டிக்கும் பங்குனி உத்திரத்துக்கும் நாகசுரமும் தவிலும். அம்மன் கொடையில் நையாண்டி மேளமும் கரகமும். சுடலைமாடன் கொடையில் வில்லுப்பாட்டும், மகுடம் அடித்து ஆடும் கணியான் கூத்தும். தேவாலயத்தில் கீர்த்தனையும் பாமாலையும். பொட்டல்புதூர் பள்ளிவாசல் கந்தூரிக் காலத்தில் இஸ்லாமியப் பாட்டுகள். கேரள எல்லை அருகில் இருப்பதால் செண்டை மேளம். குற்றாலத்தில் சாரல் திருவிழா மேடை. எல்லாவற்றுக்கும் மேலே, நாள் முழுக்கக் கைபேசியில் சினிமாப் பாட்டு. தஞ்சாவூர்ப் பிள்ளைக்கும் சென்னைப் பிள்ளைக்கும் இந்தக் கலவை அப்படியே கிடைப்பதில்லை.

மண்ணின் மரபும் கனமானது. குற்றாலக் குறவஞ்சி பாடிய திரிகூடராசப்பக் கவிராயர் தென்காசியை ஒட்டிய மேலகரத்துக்காரர். காவடிச் சிந்து பாடிய அண்ணாமலை ரெட்டியார் சங்கரன்கோவில் பக்கத்துச் சென்னிகுளத்துக்காரர். நாடக மேடையைத் தன் குரலால் கட்டி ஆண்ட கிட்டப்பா செங்கோட்டைக்காரர். நாகசுரத்துக்குக் காருகுறிச்சி அருணாசலம் பிறந்த ஊர் அம்பாசமுத்திரத்துப் பக்கம். இத்தனையும் பேருந்து தூரத்தில் இருக்க, இங்கே படிக்கும் பிள்ளை இசை இதழ் என்றால் சென்னைச் சபாவையோ சினிமா ஸ்டூடியோவையோதான் நினைக்கிறது.

ஆக, குறிவைக்க வேண்டிய வாசகர் யார்? 13 முதல் 17 வயது. 8 முதல் 12ஆம் வகுப்பு. தமிழ்வழியோ ஆங்கிலவழியோ, பேசுவது தமிழ். முறையாகக் குருவிடம் கற்றவர் அல்லர். ஆனால் ஏதாவது ஒன்றைப் பாடுகிறவர் அல்லது தட்டுகிறவர். 2022–23 முதல் அரசுப் பள்ளிகளில் நடக்கும் கலைத் திருவிழா மேடையில் ஏறியவரும், ஏற ஆசைப்பட்டுப் பின்வாங்கியவரும் இந்த வட்டத்துக்குள் வருவார்கள்.

பொருளடக்கம் என்னும் வரிசை

வாசகரை முடிவு செய்த பிறகு முதலில் தொடவேண்டியது பொருளடக்கம். அட்டைக்கு அவசரம் இல்லை.

நம் இசை எழுத்தில் ஒரு வழக்கமான வரிசை உண்டு. முதலில் செவ்வியல், அடுத்து பக்தி, பிறகு திரை, கடைசியில் மிச்சப் பக்கத்தில் 'நாட்டுப்புறம்'. யாரும் திட்டமிட்டு இழிவு செய்வதில்லை, பழக்கம் அப்படி. ஆனால் இந்த ஊர்களில் பறை யார் அடிப்பார், மகுடம் யார் கையில் இருக்கும், நாகசுரம் எந்தத் தெருவில் கேட்கும் என்பதெல்லாம் சாதியோடு கட்டுண்டு கிடப்பவை. அப்பா மேளம் அடிப்பவர் என்பதை வகுப்பில் சொல்லத் தயங்கும் பிள்ளை இருக்கிறது. பொருளடக்கத்தில் அவன் வீட்டுக் கருவி கடைசி வரியில் வந்தால், அந்தத் தயக்கத்துக்கு நாமும் முத்திரை குத்துகிறோம். மதவாரியாகப் பிரித்தால் கோயில், தேவாலயம், பள்ளிவாசல் என்று மூன்று தனி அறைகள் வந்துவிடும்.

இதற்கு மாற்று தமிழ் மரபிலேயே இருக்கிறது: தோல், துளை, நரம்பு, கஞ்சம், மிடறு என்ற பழைய கருவிப் பகுப்பு. அதையே இதழின் பகுதிகளாக வைத்துக்கொள்ளலாம். 'தோல்' பகுதியில் பறை, தவில், மிருதங்கம், மகுடம், உடுக்கை, தஃப், செண்டை, பள்ளி பேண்டின் டிரம் எல்லாம் ஒரே பக்கத்தில் அருகருகே உட்காரும். 'துளை'யில் நாகசுரமும் புல்லாங்குழலும் ஊதுகொம்பும். 'நரம்பு' பகுதியில் வீணைக்கும் கிடாருக்கும் பக்கத்தில் வில்லுப்பாட்டின் வில்லையும் வைக்கலாம். 'கஞ்சம்' பகுதியில் ஜால்ராவும் சேகண்டியும். 'மிடறு' பகுதியில் ஓதுவார், பாடகர் குழு, கானா, ராப். கீபோர்டையும் லூப்பையும் எங்கே வைப்பது என்று கேட்டால் ஆறாவதாக 'மின்' என்று ஒரு பகுதியைச் சேர்த்துக்கொள்ள வேண்டியதுதான். வாசிக்கும் விதத்தை வைத்துப் பிரித்தால் சாதி, மதம், செவ்வியல், நாட்டுப்புறம் என்ற வேலிகள் பக்கத்தில் விழுவதில்லை. தவில் பழகும் பிள்ளை, மிருதங்கம் பழகும் பிள்ளையின் பாடத்தைப் பார்க்காமல் அந்தப் பக்கத்தைக் கடக்க முடியாது.

தாள், தையல், எழுத்து

இசை பழகுகிறவருக்கு இரண்டு கையும் வேலையில் இருக்கும். பத்திரிகையை அவர் பிடித்துக்கொள்ள முடியாது. சம்மணமிட்டு உட்கார்ந்து, மடியில் கருவியும் முன்னால் தரையில் இதழுமாகத்தான் வாசிப்பார். இந்த ஒரு உண்மையிலிருந்து பல முடிவுகள் தாமாக வரும்.

இதழ் விரித்தால் விரிந்தபடி கிடக்க வேண்டும். முதுகில் பசை போட்டு ஒட்டிய கட்டு கூடாது. அது தானாக மூடிக்கொள்ளும். நடுவில் மடித்துப் பின் அடிக்கும் கட்டு மலிவு, தட்டையாகவும் விரியும். அந்தக் கட்டுக்குப் பக்கங்கள் நான்கின் மடங்காக வரவேண்டும். முதல் இதழுக்கு 16 பக்கம் போதும். ஏ4 அளவு நல்லது. பாதி அளவில் சுரவரிசை நெருங்கிவிடும். ஒரு பாடம் எதிரெதிர்ப் பக்கங்களில் முடிய வேண்டும். தாளம் ஓடிக்கொண்டிருக்கும்போது பக்கம் திருப்பச் சொல்லக் கூடாது.

தாளுக்குப் பளபளப்பு வேண்டாம். குழல்விளக்கின் கீழ் ஆர்ட் பேப்பர் கண்ணைக் கூசவைக்கும், பென்சிலும் ஏறாது. பழகுகிறவர் பக்கத்தில் கோடு போடுவார், மூச்சு விடும் இடத்தைக் குறிப்பார், 'இங்கே தப்புது' என்று எழுதுவார். சாதாரண மேப்லித்தோ தாள் அதற்கு இடம் கொடுக்கும்.

கட்டுரைக்கு 11 புள்ளி எழுத்து போதும். பாடப் பகுதி தரையில் இருந்து கண்ணுக்குத் தெரியவேண்டும் என்பதால் 16 புள்ளிக்குக் குறையக் கூடாது. தமிழ் எழுத்துக்கு மேலே புள்ளியும் சுழியும், கீழே உகர ஊகார வளைவுகளும் உண்டு. ஆங்கிலத்துக்குப் போடும் வரி இடைவெளியைப் போட்டால் மேல் வரியின் கால் கீழ் வரியின் தலையில் முட்டும். முக்த மலர், ஹிந்த் மதுரை, மீரா இனிமை, பவனம் போன்ற ஒருங்குறி எழுத்துருக்கள் இலவசமாகவே கிடைக்கின்றன. தலைப்புக்கு ஒன்று, உடலுக்கு ஒன்று என்று இரண்டோடு நிறுத்திக்கொள்வது அழகு.

கையைத் தாராளமாகப் பயன்படுத்த முடியாத வாசகரும் இந்த ஊரில் உண்டு. 1981இல் ராமகிருஷ்ணன் தொடங்கிய அமர் சேவா சங்கம் ஆய்க்குடியில்தான் இயங்குகிறது. மாற்றுத்திறனாளிகளின் மறுவாழ்வுக்கு நாடறிந்த நிறுவனம். தானாக மூடாத கட்டு, பெரிய எழுத்து, ஒரு கையால் திருப்பக்கூடிய தாள், ஒலி வடிவம் ஆகியவை அங்குள்ள பிள்ளைக்கும் உதவும், மடியில் தவில் வைத்திருக்கும் பிள்ளைக்கும் உதவும். பார்வையற்றோருக்கான எழுத்து முறையில் இசைக்குத் தொடக்கத்திலேயே இடம் இருந்தது என்பதையும் மறக்கக் கூடாது: லூயி பிரெயில் 1829இல் தன் புள்ளி எழுத்து முறையை வெளியிட்டபோதே அதில் இசையையும் சேர்த்திருந்தார்.

சுரத்தை அச்சில் ஏற்றுவது

மாணவர் இதழின் உண்மையான வடிவமைப்புச் சிக்கல் இங்கேதான் இருக்கிறது. கர்நாடக முறையில் மேல் ஸ்தாயிக்குச் சுரத்தின் தலையில் புள்ளி, கீழ் ஸ்தாயிக்கு அடியில் புள்ளி. தமிழ் எழுத்தில் தலைப்புள்ளி வைத்தால் 'ஸ' மெய்யெழுத்தாகிவிடும். பழகியவர் இடம் பார்த்துப் புரிந்துகொள்வார், புதியவர் தடுமாறுவார். மேல் ஸ்தாயிச் சுரத்தை வேறு நிறத்தில் போடலாம், அல்லது ஏணிபோல் ஒரு படி உயர்த்தி அச்சிடலாம். இரண்டாவதே நல்லது. ஜெராக்ஸ் எடுத்தாலும் உயரம் போகாது, நிறம் போய்விடும்.

தோல் கருவிக்குச் சுரம் வேண்டாம். சொற்கட்டும் கட்டமும் போதும். எட்டுக் கட்டங்கள் வரைந்து, அடி விழும் கட்டத்தில் சொல்லை எழுதி, விழாத கட்டத்தை வெறுமையாக விட்டால் எட்டாம் வகுப்புப் பிள்ளை ஐந்து நிமிடத்தில் பிடித்துக்கொள்ளும். கணினியில் பீட் அமைக்கும் செயலிகளும் இதே கட்ட முறையைத்தான் காட்டுகின்றன; அதனால் கைபேசியில் லூப் செய்யும் பையனுக்கு இந்தப் பக்கம் அந்நியமாக இராது. கிடார், கீபோர்டு பழகுவோருக்காக அதே மெட்டுக்குக் கார்டு பெயர்களை மேலே சிறிதாகத் தரலாம். ஐரோப்பியக் கோட்டுக் குறியீட்டைத் தேவாலயப் பாடகர் குழுவில் பழகியவர்களுக்காக எப்போதாவது ஒரு பக்கம் போட்டால் போதும்.

மொழியும் இதே வழிதான். பிள்ளைகள் 'டியூன்', 'பீட்', 'பிஜிஎம்' என்கிறார்கள். மேளக்காரர்கள் 'அடி', 'தீர்மானம்' என்கிறார்கள். இசை ஆசிரியர் 'மெட்டு', 'நடை' என்கிறார். இதழ் இவர்களில் யாரையும் திருத்தப் போக வேண்டாம். யார் பேசுகிறாரோ அவர் சொல்லை அச்சிட்டு, முதல் முறை வரும்போது ஒரு வரியில் விளக்கினால் போதும்.

அட்டையும் நடுப்பக்கமும்

அட்டையில் நட்சத்திரத்தைப் போடாவிட்டால் யார் எடுப்பார்கள் என்பது நியாயமான மறுப்பு. கடையில் தொங்கும் இதழுக்கு அது உண்மை. பள்ளிக்குள் கைமாறும் இதழுக்கு வேறு ஈர்ப்பு உண்டு: தெரிந்த முகம். பத்தாம் வகுப்பு மாணவி உடுக்கையோடு அட்டையில் நின்றால் அந்தப் பள்ளியில் அந்த இதழுக்கு விளம்பரம் வேண்டாம். பதினெட்டு வயது நிறையாதவர் படம் என்பதால் பெற்றோரிடம் எழுத்தில் சம்மதம் வாங்கிய பிறகே அச்சுக்குப் போக வேண்டும். பெயரும் வகுப்பும் போதும்; வீட்டு முகவரியும் கைபேசி எண்ணும் எந்தப் பக்கத்திலும் வரக் கூடாது.

நடுப்பக்கம் இதழின் இதயம். இரண்டு பக்கமும் ஒரே தாளில் வருவதால் படம் வெட்டுப்படாது. இடப்பக்கம் ஒரு கலைஞரின் பேட்டி, வலப்பக்கம் அவர் கற்றுக்கொடுக்கும் ஒரே ஓர் அடி அல்லது மெட்டு. பேட்டியில் கேட்க வேண்டியது விருதுப் பட்டியலை அல்ல. முதலில் என்ன பழகினீர்கள், எங்கே தப்பியது, எப்படித் திருத்தினீர்கள், ஒரு கொடைக்கு எவ்வளவு தருகிறார்கள், கருவிக்குத் தோல் மாற்ற என்ன செலவு? இந்தத் தொழிலில் இறங்கலாமா என்று யோசிக்கும் பிள்ளைக்கு இவைதாம் செய்தி. நெல்லையில் இயங்கும் மாவட்ட அரசு இசைப்பள்ளியில் என்னென்ன கற்பிக்கிறார்கள், சேர என்ன தகுதி என்பதையும் ஒரு பெட்டிச் செய்தியாக ஆண்டுக்கு ஒருமுறை கொடுக்கலாம்.

எதை அச்சிடலாம், எதை அச்சிடக் கூடாது

பாட்டு வரிகளை அச்சிடுவதுதான் பெரிய ஈர்ப்பு என்று முன்பே பார்த்தோம். அங்கேதான் சட்டமும் நிற்கிறது. 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டப்படி, எழுதியவர் மறைந்து 60 ஆண்டுகள் வரை உரிமை உண்டு. பாட்டின் சொல்லும் மெட்டும் சட்டத்தின் கண்ணில் இரண்டு தனிப் படைப்புகள். 1959இல் மறைந்த பட்டுக்கோட்டை கல்யாணசுந்தரத்தின் சொற்களுக்குக் காலம் கடந்துவிட்டது. அவற்றுக்கு மெட்டமைத்தவர்களில் அண்மைக் காலம்வரை வாழ்ந்தவரின் மெட்டைச் சுரப்படுத்தி அச்சிட வேண்டுமானால் அனுமதி வேண்டும். இன்றைய சினிமாப் பாட்டை முழுசாகப் போட முடியாது; விமர்சனத்துக்காக ஓரிரு வரி எடுத்தாளலாம்.

இந்தத் தடை ஆய்க்குடி இதழுக்கு நன்மையாகவே முடிகிறது. குற்றாலக் குறவஞ்சிக்குத் தடையில்லை. 1891இல் மறைந்த அண்ணாமலை ரெட்டியாரின் காவடிச் சிந்துக்குத் தடையில்லை. 1919இல் மறைந்த ஆபிரகாம் பண்டிதரின் உருப்படிகளுக்குத் தடையில்லை. பாரதிக்கும் இல்லை. சட்டம் விட்டுவைத்திருப்பது பெரும்பாலும் இந்த வட்டாரத்துச் சொத்துதான். காவடிச் சிந்தின் நடைகளைத் தட்டிப் பழகிய பையனுக்கு, இன்றைய குத்துப்பாட்டின் தாளம் எங்கிருந்து வருகிறது என்று யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. வில்லுப்பாட்டு, கணியான் பாட்டு ஆகியவற்றைப் பாடுபவரிடம் கேட்டு எழுதும்போது, அவர் சம்மதமும் பெயரும் பக்கத்தில் இருக்க வேண்டும். அது சட்டத்துக்காக மட்டுமல்ல, மரியாதைக்காகவும்.

வெளியே விலைக்கு விற்று, செய்தியும் கருத்தும் தாங்கித் தவறாமல் வரும் இதழாக வளர்ந்தால் பதிவும் தேவைப்படும். 1867ஆம் ஆண்டுச் சட்டத்தின் இடத்தில் 2023ஆம் ஆண்டு இதழ்ப் பதிவுச் சட்டம் வந்து, 2024 மார்ச் முதல் நடப்பில் இருக்கிறது. பள்ளிக்குள் சுற்றும் முதல் இதழுக்கு அந்தக் கவலை வேண்டாம்; தலைமையாசிரியரின் ஒப்புதல் போதும்.

கைபேசி இருக்க அச்சு எதற்கு?

இசையைக் கேட்கக் கைபேசியே சிறந்தது, அதில் வாதமில்லை. இங்கிலாந்தில் 'நியூ மியூசிக்கல் எக்ஸ்பிரஸ்' 2018இல் வார அச்சை நிறுத்தியது. 'ஸ்மாஷ் ஹிட்ஸ்' 2006இலேயே நின்றது. புதுப் பாட்டு எது, யார் எங்கே பாடுகிறார் என்ற செய்திக்கு யாரும் தாளை எதிர்பார்த்துக் காத்திருக்கப் போவதில்லை. கேட்பவருக்கான பத்திரிகையை இணையம் விழுங்கிவிட்டது.

பழகுபவருக்கான பக்கத்தை அது அப்படி விழுங்கவில்லை. திரை அணைந்துபோகும், அழைப்பு வரும், விளம்பரம் குறுக்கிடும், கோடு போட முடியாது. பல வீடுகளில் கைபேசி அப்பாவுடையது; அவர் வேலைக்குப் போனால் அதுவும் போய்விடும். தாள் வீட்டில் இருக்கும். இரண்டையும் இணைக்க வழியும் பிள்ளைகளுக்குத் தெரிந்ததுதான். 2018 முதல் வந்த தமிழகப் பாடநூல்களில் கியூஆர் குறி இருக்கிறது. ஒவ்வொரு பாடத்தின் ஓரத்திலும் ஒரு குறி வைத்து, அதே அடியை மெதுவாகவும் வேகமாகவும் வாசித்த ஒலிப்பதிவைக் கேட்கச் செய்யலாம். வாசிப்பவர் ஊர்க் கலைஞராகவே இருக்கட்டும்.

எத்தனை இதழ், எப்போது என்பதையும் வாசகரின் நாட்காட்டியே சொல்கிறது. பள்ளி ஜூனில் திறக்கிறது. மார்ச், ஏப்ரல் தேர்வுக் காலம். சாரல் காலமான ஜூலையில் ஒன்று, கலைத் திருவிழாவுக்கும் கந்த சஷ்டிக்கும் முன்னால் ஒன்று, கிறிஸ்துமஸுக்கும் பொங்கலுக்கும் நடுவில் ஒன்று. ஆண்டுக்கு மூன்று போதும். மாத இதழ் என்று அறிவித்து மூன்றாம் மாதம் நின்றுபோன மாணவர் பத்திரிகைகளின் வரிசையில் இதுவும் சேர வேண்டாம்.

இத்தனையையும் ஒருங்கே பார்த்தால் தீர்ப்பு தெளிவு. ரசிகருக்கான இசை இதழை ஆய்க்குடியிலிருந்து நடத்த வேண்டிய தேவை இல்லை. அந்த வேலையை மற்றவர்கள் செய்கிறார்கள். பழகும் பிள்ளைக்கான இதழை ஆய்க்குடியில்தான் நடத்த வேண்டும். இங்கே இருக்கும் இசை வேறெங்கும் இந்தக் கலவையில் இல்லை, இங்கே இருக்கும் வாசகரை வேறு யாரும் தேடி வரவும் இல்லை.

தமிழாசிரியர்களும் இசையாசிரியர்களும் அச்சகத்துக்காகக் காத்திருக்க வேண்டாம். எட்டுப் பக்கம் கையால் எழுதி, ஜெராக்ஸ் எடுத்து, நடுவில் பின் அடித்து, மூன்று பிள்ளைகள் முன்னால் தரையில் விரித்து வையுங்கள். அவர்கள் படித்துவிட்டு மூடிவைத்தால் மீண்டும் வடிவமையுங்கள். பார்த்துப் பாடவோ தட்டவோ தொடங்கினால் அச்சுக்கு அனுப்புங்கள்.